சாமான் அறையைத் திறந்த தவக்காலம்

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் நானும் கணவரும் படுப்போம். ஒன்று மகள் கலியாணம் கட்டிப் போகும்வரை அவளுடையதாக இருந்தது. மூன்றாவதைச் சாமான் அறை என்போம். அதில் இருந்த ஒரே யன்னலையும் நான்தான் மேசனைப் பிடித்துக் கல் வைத்து மூடுவித்தேன். கதவுக்குப் பூட்டு. பூட்டின் திறப்பு என் கழுத்தில், மாதா படம் வைத்த உத்தரியம் தொங்கும் அதே நூலில் தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டேன்.

உள்ளே அரிசி மூட்டைகள், நிலத்து ஈரம் ஏறாமல் பலகைகளின் மேல். இறுக்கி மூடிய பரல்களில் சீனி, பருப்பு, கோதுமை மா. பெட்டி பெட்டியாகச் சவர்க்காரம். பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டிகள், மெழுகுதிரிகள். குறுக்கே கட்டிய கயிற்றில் கருவாடு. புதிதாக வாங்கியதைக் கடைசியில் வைத்து, பழையதை முன்னே இழுத்துத்தான் சமைப்போம். அதனால் எங்கள் வீட்டில் நல்ல அரிசிச் சோறு ஒருநாளும் வெந்ததில்லை. வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துப் புடைத்தே வருடக்கணக்காகச் சாப்பிட்டோம். கணவர் கடலுக்குப் போய் உழைத்து வாங்குவார். நான் அதைப் பழுதாக்கிச் சமைப்பேன். பசி இல்லாத நாட்களிலும் பசிக்காரரைப் போலவே வாழ்ந்திருக்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காரணம் இல்லாமல் யாரும் யன்னலைக் கல் வைத்து மூடமாட்டார்கள். யுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் சாமான் வராது. சவர்க்காரம் இல்லாமல் பனங்காயைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கு எரித்தோம். அதையெல்லாம் இளவயதின் துணிவில் தாண்டிவிட்டேன். என்னை முறித்தது அந்தப் பெரிய இடப்பெயர்வு. குடாநாட்டின் பாதிச் சனம் ஒரே மழையில் ஒரே தெருவில் நடந்தது. கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிப் பக்கம் போய், ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஒதுங்கினோம். பிள்ளை அழுதாள். என்னிடம் பால் வற்றிப்போயிருந்தது. கொஞ்சம் சீனி கிடைத்தால் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்று வெறும் தகரப் பேணியோடு பக்கத்தில் இருந்த ஒரு வீட்டு வேலிப் படலையில் நின்று கூப்பிட்டேன்.

ஒரு பெண் யன்னலால் எட்டிப் பார்த்தாள். "இல்லைப் பிள்ளை, எங்களுக்கே இல்லை" என்றாள். யன்னலைச் சாத்தினாள். சாத்திய யன்னலின் இடுக்கால் வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது பொறாமை. அந்த யன்னலுக்கு உள்ளே நிற்பவளாக நான் இருக்கவேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். இனி யார் படலையிலும் நிற்கமாட்டேன் என்று மழைக்குள் நின்று சத்தியம் செய்தேன். ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டைத் திருத்தி, கணவர் மறுபடி வலை வாங்கி, கொஞ்சம் நிமிர்ந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த அறைதான்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவேன். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனின் உவமையை எத்தனையோ தரம் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அது பணக்காரருக்குச் சொன்னது, நாங்கள் கடற்றொழில் சனம், எங்களுக்கு அல்ல என்று பேசாமல் இருந்துவிடுவேன். அன்றாட உணவை இன்றைக்குத் தாரும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்பேன். கேட்கும்போது நெஞ்சில் திறப்பு இடிக்கும். ஆண்டவரிடம் இன்றைய சோற்றைக் கேட்டுக்கொண்டு, அவரை நம்பாமல் அடுத்த வருடத்துச் சோற்றையும் பூட்டி வைத்திருந்தேன்.

பிறகு, வெளியிலிருந்து சாமான் வாங்க அரசிடம் காசில்லாமல் நாடே முடங்கிய அந்த வருடம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. பெற்றோல் இல்லை. பால்மா இல்லை. எரிவாயு சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டுச் சனம் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. எங்கள் கரையில் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. எஞ்சினுக்கு ஊற்ற எண்ணெய் இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கொடுமை என்று கடற்றொழில் செய்பவர்களுக்குத்தான் தெரியும். என் கணவர் விடிய மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போவார். பின்னேரம் வெறுங்கானோடு வருவார்.

எனக்கோ, சொல்லவே கூசுகிறது, உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. "பாத்தியளே? விசரி, பைத்தியம் எண்டு பகிடி பண்ணினியள். இப்ப ஆருக்கு விசர்?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருந்தாள். என் வயதுதான். நண்டு உடைக்கும் கம்பனியில் கூலிக்கு வேலை செய்தவள். படகு போகாவிட்டால் நண்டு இல்லை, நண்டு இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் பச்சைக் குழந்தையோடு அவளுடன் இருந்தாள். மருமகன் கொழும்பில் வேலை போய், பஸ்ஸும் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். நானும் அவளும் கதைத்து வெகுகாலம். அவளுடைய கோழிகள் வேலியைத் தாண்டி வந்து என் கீரைப் பாத்தியைக் கிண்டியதில் தொடங்கிய சண்டை, கோழிகள் செத்த பிறகும் முடியவில்லை. அவளுடைய குசினிச் சுவருக்கும் என் சாமான் அறைச் சுவருக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான்.

அது தவக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோவில் வளவில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு நிலையில் முழங்காலிட்டு எழும்பும்போது அவள் அப்படியே சரிந்து மண்ணில் விழுந்தாள். பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பங்குச் சபையில் முன்னுக்கு நிற்கும் ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாருங்கோ. ஒருசந்தி பிடிக்கிறதெண்டால் இப்பிடிப் பிடிக்கவேணும். நாங்களெல்லாம் பேருக்குத்தான்."

தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருப்பதைத்தான் ஒருசந்தி என்போம். பெண்கள் அவளைப் பக்தியோடு பார்த்தார்கள். ஒருத்தி அவள் காலைக்கூடத் தொட்டாள். பக்கத்து வீடு என்பதால் அவளைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒழுங்கையில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கை எடையே இல்லாமல் இருந்தது. ஏதாவது கதைக்கவேண்டுமே என்று கேட்டேன்.

"எப்ப துவங்கின ஒருசந்தி?"

அவள் சிரித்தாள். "அது தபசு காலம் வர முந்தியே துவங்கீட்டுது."

எனக்கு விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு விளங்கியது. கால் நின்றுவிட்டது.

"வீட்டிலை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கிறதை மகளுக்குக் குடுக்கிறன். அவளுக்குப் பால் ஊறவேணும். எனக்கென்ன, நான் தேத்தண்ணியோடை சமாளிப்பன்."

"பேந்து ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லி? ஐயோ பாவம் எண்டு பாக்கிறதுக்கோ? ஒருசந்தி எண்டே இருக்கட்டும். அது மரியாதையா இருக்கு. நீயும் வாயைத் திறவாதை."

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து நேரே சாமான் அறைக்குப் போனேன். திறந்தேன். அன்று கணக்குப் பார்க்க அல்ல. கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்தேன். அந்தச் சுவருக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒருத்தி பசியை விரதம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தாள். இவ்வளவு காலமும் நான் எந்த யன்னலுக்கு உள்ளே நிற்க ஆசைப்பட்டேனோ, அங்கேதான் நின்றிருந்தேன். வெங்காய வாசம்கூட வெளியே போகக்கூடாதென்று என்னுடைய யன்னலைக் கல் வைத்து மூடியிருந்தேன்.

ஒரு பையில் அரிசியும் பருப்பும் கட்டி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் போனேன். நல்லது செய்யப் போகிறேன் என்ற நினைப்பு வேறு. அவள் பையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"உதென்ன?"

"கொஞ்ச அரிசி. ஒருத்தருக்கும் தெரியாது. வைச்சிரு."

"என்னோடை முகம் குடுத்துக் கதையாதவள் இண்டைக்கு முந்தானைக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு வாறாய். பிச்சையோ?"

"பிச்சையில்லை. எடு."

"நீ இண்டைக்கு என்ன சாப்பிடுவாய்?"

"சோறுதான்."

"அப்ப அந்தச் சோத்தை என்ரை முத்தத்திலை வைச்சுக் காய்ச்சு. நீயும் இருந்து சாப்பிடு. நானும் சாப்பிடுறன். ஒளிச்சுத் தாற சாமான் எனக்கு வேண்டாம், கொண்டு போ."

பையோடு திரும்பி வந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பசியிலும் இவ்வளவு வாயா என்று முணுமுணுத்தேன். ஆனால் அந்தக் கோபத்துக்குக் கீழே கிடந்தது பயம் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. அரிசி கொடுப்பதில் எனக்குப் பெரிய பயமில்லை. முற்றத்தில் காய்ச்சினால் ஒழுங்கை பார்க்கும். என்னிடம் இருக்கிறது என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் படலைக்கு வருவார்கள். வருபவர்களின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவேண்டி வரும். இருந்ததெல்லாம் தீர்ந்து, நான் மறுபடி கைக்குழந்தையோடு மழைக்குள் நிற்பேன். என் கைக்குழந்தைக்கு இப்போது வேறு ஊரில் குடும்பம் இருக்கிறது என்பது அந்தப் பயத்துக்குத் தெரியாது. அதற்கு வயதே ஏறவில்லை.

அன்று இரவு குசினிக்குள் நின்றபடி பயத்தோடு சண்டை பிடித்தேன். வாய்விட்டே கதைத்தேன். யுத்தம் முடிந்துவிட்டது. சந்தியில் நின்ற ஆமிக்காரரின் சென்றியை எடுத்துவிட்டார்கள். நீ மட்டும் ஏன் என் வீட்டில் இருக்கிறாய்? நான் வாங்கிய அரிசியை வண்டுக்குக் கொடுத்தாய். என் பிள்ளை வளர்ந்த காலம் முழுவதும் பழைய அரிசியே அவளுக்குச் சோறு. போதும். நாளைக்கு நான் முற்றத்தில் அடுப்பு மூட்டுவேன். நீ செய்வதைச் செய்.

ஆண்டவரிடமும் சொன்னேன். அழகான செபம் ஒன்றும் வரவில்லை. "பயமாத்தான் கிடக்கு. ஆனாலும் செய்யப்போறன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கணவர் நான் அரிசியை அளக்காமல் சுளகில் அள்ளுவதைக் கண்டார்.

"என்னப்பா செய்யிறாய்?"

"பக்கத்து வீட்டு முத்தத்திலை கஞ்சி காய்ச்சப்போறன்."

"உனக்கு விசரே? ஊர் பாக்கும்."

"பாக்கட்டும்."

"முடிஞ்சால் என்ன செய்வாய்? நான் கடலுக்குப் போறதும் இல்லை. எங்கையிருந்து வாங்குவாய்?"

"தெரியாது."

என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டது அதுதான் முதல்தடவை. கானைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்.

அவளுடைய முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். பருப்பும் முருங்கையிலையும் போட்ட கஞ்சி. இருவரும் பலகைக் கட்டைகளில் இருந்து குடித்தோம். அவள் மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடித்தாள். அப்போது ஒழுங்கையால் போன கடற்றொழிலாளி ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா விசேஷம்? புகை தெரியுது."

நான் வாயைத் திறக்க முன்னம் அவள் சொன்னாள்: "விசேஷமெல்லாம் இல்லை. குடிக்க வாறியோ?"

என்னுடைய அரிசி, கூப்பிடுவது அவள்! அந்த மனிதர் கொஞ்சம் தயங்கினார். பிறகு படலையைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு கோப்பை குடித்தார். குடித்து முடித்ததும், "மனிசியும் வீட்டிலைதான் இருக்கிறா" என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"வரச் சொல்லு" என்று சொன்ன குரல் என்னுடையது. நானே திடுக்கிட்டேன்.

அப்படித்தான் அது பரவியது. அடுத்த நாள் ஒழுங்கையின் இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம். எங்கள் பானைகள் போதாமல் கோவில் பெருநாளுக்குச் சமைக்கும் கிடாரத்தைக் கேட்டு எடுத்து வந்தோம். பெண்கள் விறகும் தேங்காய்ப் பாதியும் கீரையும் கொண்டு வந்தார்கள். ஆண்கள் படகில்லாமல் சும்மா இருந்த கைகளால் விறகு கொத்தினார்கள். அரிசி மட்டும் என்னுடையது. ஒவ்வொரு காலையும் பூட்டில் திறப்பைப் போடும்போது, இன்றைக்குத் திறக்காமல் விடுவோமா என்று ஒரு நினைப்பு வரும். திறந்தேன். சில நாட்களில் வேண்டுமென்றே புது மூட்டையை முதலில் எடுத்தேன். நல்ல அரிசி கொதிக்கும்போது இப்படி மணக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

பங்குச் சபைப் பெரியவர் ஒருநாள் வந்தார். அவரும் கெட்ட மனிதர் அல்ல. யுத்தக் காலத்தில் எத்தனையோ பிரேதங்களுக்குப் பெட்டி அடித்துக் கொடுத்தவர். அவர் பார்த்தது வரிசையில் நின்ற ஒரு பெண்ணை. நெற்றியில் திருநீறு. வடமராட்சிக் கரையில் தொழில் படுத்து, இங்கே சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தாள்.

"தங்கச்சி, நீ செய்யிறது நல்ல வேலை. ஆனால் ஒரு ஒழுங்கு வேணும். முதல் எங்கடை பங்குச் சனம். உவை ஆரெண்டே தெரியாது."

அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கவேண்டும். கோப்பையைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். படலையில் நின்ற நாளில் நானும் வெறும் பேணியை அப்படித்தான் மறைத்தேன். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அண்ணை, நான் அரிசிக்கு ஞானஸ்நானம் குடுக்கேல்லை. குடிக்க வாற சனத்திட்டையும் அதைக் கேக்கமாட்டன்."

"இப்பிடிக் கதைச்சால் நாளைக்கு முழு யாழ்ப்பாணமும் உன்ரை படலையிலை நிக்கும்."

"நிண்டால் கஞ்சி தண்ணியாகும். வேறை ஒண்டும் நடவாது."

"அப்ப கோவில் கிடாரத்தைத் தா. அது கோவில் சாமான்."

அன்றைய கஞ்சி முடிந்ததும், நானும் பக்கத்து வீட்டுக்காரியும் அந்தக் கிடாரத்தைச் சாம்பல் போட்டு, முகம் தெரியுமட்டும் தேய்த்து, ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கோவில் விறாந்தையில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் ஒழுங்கையில் இருந்த வீடுகளில் எல்லாம் பெரிய பானைகள் வெளியே வந்தன. ஒரு அடுப்புக்குப் பதில் நாலைந்து அடுப்புகள், என் முற்றத்திலும் ஒன்று. பங்குச் சுவாமியும் வந்தார். கிடாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, திருநீறு பூசிய பெண்ணின் பக்கத்தில் இருந்து குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் ஒரு வார்த்தை பேசாதது எனக்குப் போதும்.

பிறகு வந்ததுதான் பெரிய சோதனை. ஒரு காலை, கிராம சேவகரும் ஒரு பொலிஸ்காரரும் படலையில் நின்றார்கள். வீட்டில் பெருமளவு அரிசி பதுக்கி வைத்திருப்பதாக யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். காக்கி உடுப்பைக் கண்டால் என் கைகள் தாமாக நடுங்கும். எங்கள் காலத்துப் பெண்களுக்கு அது போகாது. கணவர் அன்று வரிசைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அவர் முகம் வெளிறிப்போய், "நான் கதைக்கிறன்" என்று முன்னே வந்தார்.

"இல்லை. நான்தான் வாங்கி வைச்சனான். நானே கதைக்கிறன்" என்றேன்.

கழுத்திலிருந்த திறப்பை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் அறையைத் திறந்து விட்டேன். அதற்குள் அறை பாதிக்கு மேல் காலி. வெறும் பலகைகள் தெரிந்தன. கிராம சேவகர் எட்டிப் பார்த்தார். பொலிஸ்காரருக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும்.

"அம்மா, இது... பதுக்கல்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. பதுக்கினதுதான். பயத்திலை பதுக்கினனான். பொய் சொல்லேல்லை. இப்ப அதைத்தான் முத்தத்திலை காய்ச்சுறம். நீங்கள் எழுதிறதெண்டால் எழுதுங்கோ. ஆனால் காய்ச்சிறதை நிப்பாட்டமாட்டன்."

நடுங்கிக்கொண்டேதான் சொல்லி முடித்தேன். கிராம சேவகர் முற்றத்தில் இருந்த சனத்தைப் பார்த்தார். அந்தச் சனத்தில் பாதிப்பேரை அவருக்குத் தெரியும். பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஆர் சொன்னதெண்டு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். "ஆனால் அந்த ஆளும் வீட்டிலை ஒண்டும் இல்லாமல்தான் சொல்லியிருக்கும். கண்டால் இஞ்சை வரச் சொல்லுங்கோ. நீங்களும் இருந்து குடிச்சிட்டுப் போங்கோ."

கிராம சேவகர் தனக்கு வேலை இருக்கிறது என்றார். பொலிஸ்காரர் குந்தவில்லை, போகவுமில்லை. பெற்றோல் வரிசையில் காவலுக்கு நின்றுவிட்டு நேரே வந்திருந்தாராம். நின்றபடியே ஒரு கோப்பை குடித்தார். குடித்துவிட்டு என் பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்புக் குறைவு என்று கையால் காட்டினார். அவள் விட்டாளா! "சும்மா குடிக்க வந்த இடத்திலை குறை வேறை" என்று சிரித்தாள். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, அவரும் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு கிணற்றுக் கட்டில் போய் இருந்துவிட்டேன். கணவர் தண்ணீர் அள்ளித் தந்தார்.

இதன் முடிவை அற்புதமாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். இயேசு பெருக்கிய ஐந்து அப்பங்களைப் போல என் அரிசியும் குறையாமல் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அது குறைந்தது. தவக்காலம் முடிந்து பாஸ்குப் பெருநாள் வந்து போனது. எண்ணெய் வரவில்லை. ஒருநாள் கடைசி மூட்டையை உதறினேன். தூசிதான் விழுந்தது. சனத்திடம் போய்ச் சொன்னேன்: "நாளைக்கு இல்லை. முடிஞ்சுது."

ஒருவரும் குறை சொல்லவில்லை. கலைந்து போனார்கள். மறுநாள் முற்றத்தில் அடுப்பு எரியவில்லை. நான் அந்த வெற்று அறைக்குள் போய் நின்றேன். இத்தனை வருடமும் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. உடல் நடுங்கியது, அது உண்மை. ஆனால் அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்யமுடியவில்லை. கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு வெளியே வந்து மரவள்ளிக்கிழங்கை அவித்தேன். கணவர் அதைத் தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சை பார். முடிஞ்சுது. நாங்கள் சாகேல்லை" என்றார்.

அன்று பின்னேரமே அவர் கரைக்குப் போய், யாரோ கைவிட்டிருந்த சின்னத் தோணி ஒன்றை ஓட்டை அடைத்துத் தண்ணீரில் தள்ளினார். எஞ்சின் பழகிய பிறகு எங்கள் ஆண்கள் மரக்கோல் ஊன்றிப் போவதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் இருந்தார். ஆழமில்லாத கடலேரிக்குள் கோல் ஊன்றிப் போய் நண்டும் சின்ன மீனும் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் இறங்கினார்கள். கொஞ்சத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அச்சுவேலிப் பக்கம் போய்த் தோட்டக்காரரிடம் கொடுத்து மரவள்ளியும் பூசணியும் மாற்றி வந்தார்கள். பசளை கிடைக்காமல் அவர்களுடைய விளைச்சலும் அந்த வருடம் நோஞ்சான்தான். ஆனாலும் தந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பொட்டால் தலையை நீட்டி, "என்ன குந்திக்கொண்டிருக்கிறாய்? அடுப்பை மூட்டு" என்று கத்தினாள். கிழமையில் ஓரிரு நாள்தான் முடிந்தது. கூழும் தண்ணீராகத்தான் இருந்தது. சிலர் வரவில்லை. சிலர் எட்டுக் குடும்பத்துக்குப் போதுமான பாத்திரத்தை நீட்டி, பக்கத்து வீட்டுக்காரியோடு வாக்குவாதப்பட்டார்கள். என்றாலும் படகுகளுக்கு எண்ணெய் வரும்வரை அந்த அடுப்பு முழுதாக அணையவில்லை.

எண்ணெய் வந்தது. கடலில் எஞ்சின்கள் மறுபடி இரைந்தன. முற்றத்து அடுப்பின் தேவை தீர்ந்தது. சாமான் அறையில் இப்போது யன்னல் இருக்கிறது. வடமராட்சியிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் மூத்த மகள் யாழ்ப்பாணத்தில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்து, எங்களோடு தங்கி அந்த அறையில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு போவாள். என் சொந்தக்காரர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மறுபடி கோழி வாங்கியிருக்கிறாள். என் கீரைப் பாத்தி மறுபடி நாசம். நாங்கள் மறுபடி சண்டைதான். ஆனால் இப்போது கதைத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறோம்.

பயம் போய்விட்டதா என்று மகள் போனில் கேட்டாள். இல்லை. காக்கி உடுப்பைக் கண்டால் இன்னும் கை நடுங்கும். வானொலியில் கப்பல் வரவில்லை என்று சொன்னால் மனம் மூட்டைகளை எண்ணத் தொடங்கும். ஆனால் என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்வது இனி அது அல்ல.

போன மாதம் எங்கோ தூரத்தில் யுத்தம் என்று செய்தி வந்தது. விலை ஏறப்போகிறது என்று சந்திக் கடையில் ஒரே நெரிசல். சனம் மூட்டை மூட்டையாகத் தூக்கியது. நான் அரிசி வாங்கத்தான் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி என்னை அந்தக் காலத்திலிருந்தே அறிவான். கேட்காமலே இரண்டு மூட்டையை இழுத்து முன்னுக்கு வைத்தான்.

"அக்கா, இப்பவே எடுத்து வையுங்கோ. பேந்து கிடையாது."

கை தானாக முன்னே போனது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒரு இளம் தாய் இடுப்பில் பிள்ளையோடு, பைக்குள் எதையோ துழாவிக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கிழமைக்குக் காணக்கூடிய அரிசி மட்டும் தா. போதும்" என்றேன்.

"அடுத்த கிழமை விலை ஏறுமக்கா!"

"ஏறட்டும். உந்தப் பிள்ளையைக் கவனி, கனநேரமா நிக்குது."